கள்ளன் பிடிபடுறானோ? அழிக்க முதல் இதைப் பாருங்கோ

கொக்குவிலில எங்கட வீட்டு விறாந்தையில ஒரு பழைய மேசையும் அதில ஒரு கொம்பியூட்டரும் கிடக்கு. பின்னேரம் ஆனா மச்சான்மார், சித்தப்பான்ர பெடியள், ரியூஷன் முடிஞ்சு வாற பக்கத்து வீட்டுப் பெடியள் எண்டு ஆராவது ஒருத்தன் பென் டிரைவில சேவ் ஃபைலைக் கொண்டந்து படலையில நிப்பான். கேமில தெரிவு செய்து விளையாடுற ஆக்களில வாள்காரனுக்கும் மந்திரவாதிக்கும் ஒருத்தனும் உதவி கேட்டு வாறேல்லை, கள்ளனுக்குத்தான் எப்பவும் வருத்தம். "அண்ணை இவன் உதவாதவன், அழிச்சுப்போட்டு வாள்காரன் எடுக்கப்போறன்" எண்டு வருவாங்கள், இருபது நிமிசத்தில கள்ளன்ர சப்பாத்தை மாத்திப்போட்டுச் சிரிச்சுக்கொண்டு போவாங்கள். ஒரே கோளாறைத் திருப்பித் திருப்பிப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு, அதால எழுதி வைக்கிறன்.

முழுக்க வாசிக்கத் தேவையில்லை. உங்கட கள்ளனுக்கு என்ன வருத்தமோ அந்தத் தலைப்புக்கு நேர போங்கோ. ஒவ்வொண்டிலயும் சிலவில்லாத காரணம் முதல், கேம் காசோ கைக்காசோ கரையிறது கடைசி. சில கேமில இவனுக்குத் தீஃப் எண்டு பேர், சிலதில ரோக். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எண்ட மேசை விளையாட்டில 1975 இல தீஃபா வந்தவன் 2000 இல மூண்டாம் பதிப்பு வரேக்க ரோக் எண்டு பேர் மாத்தினவன், ஆள் ஒண்டுதான், குழம்பாதேங்கோ.

தொடங்க முதல்

கையில இருக்கிற சேவை வேற பேரில ஒருக்கா சேவ் பண்ணி வையுங்கோ. பழைய சேவுக்கு மேலயே எழுதிப்போட்டு "அண்ணை முந்தி இருந்த மாதிரி ஆக்கித் தாங்கோ" எண்டா என்னால ஏலாது. 2022 இல நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டின காலத்தில என்ர மச்சான் ஒருத்தன் சேவ் ஆகிக்கொண்டிருக்கேக்க கரண்ட் போய் அறுபது மணித்தியாலக் கள்ளனைத் துலைச்சவன், இண்டைக்கும் அந்தக் கதை எடுத்தா எழும்பிப் போயிடுவான். யூபிஎஸ் இல்லாத வீட்டில ரெண்டு மூண்டு சேவை மாத்தி மாத்தி வைச்சு விளையாடுறதுதான் புத்தி.

குறி 1: பதுங்கிக்கொண்டுதான் போறன், ஆனாலும் கண்டுபிடிக்கிறாங்கள்

கனபேர் வாறது இதுக்குத்தான்.

முதல் காரணம் ரோச். சிரிக்காதேங்கோ. குகைக்குள்ள இருட்டெண்டு ரோச்சைக் கொளுத்திப் பிடிச்சுக்கொண்டு பதுங்கிறவங்களை நான் எண்ணி முடிக்கேலாது. ஸ்கைரிம் எண்ட கேமில வெளிச்சம் உங்களைக் காட்டிக் குடுக்கும். பல்டர்ஸ் கேற் 3 இல வெளிச்சமான இடத்தில எதிரியின்ர பார்வைக்குள்ள காலை வைச்சா அவ்வளவுதான், ரோலே (கட்டை உருட்டித் தப்பப் பாக்கிற வாய்ப்பே) கிடையாது, மங்கலான இடத்திலதான் பதுங்கல் ரோலாவது கிடைக்கும். ரோச்சை அணைச்சுப்போட்டுத் திருப்பிப் போய்ப் பாருங்கோ. திரை இருட்டா இருந்தா செற்றிங்ஸில பிரைற்னஸைக் கூட்டுங்கோ, அது உங்கட கண்ணுக்கு மட்டும்தான், காவல்காரனுக்குத் தெரியாது.

ரோச் இல்லையெண்டால் கால்ப்பக்கம் பாருங்கோ. ஓலை வேலிக்கு அங்கால விழுந்து கிடக்கிற காய்ஞ்ச பனையோலையில கால் வைச்சா என்ன சத்தம் வரும்? இரும்புச் சட்டையும் இரும்புச் சப்பாத்தும் போட்ட கள்ளன் அப்பிடித்தான் நடக்கிறான், உங்களுக்குத்தான் கேக்கேல்லை. "கவசம் கூட இருந்தாத்தானே சாகமாட்டான்" எண்டு போட்டு விடுறது, பிறகு "ஏன் கண்டுபிடிக்கிறாங்கள்" எண்டு கேக்கிறது. எல்லாத்தையும் கழட்டிப்போட்டு அதே இடத்தால ஒருக்கா போங்கோ. கண்டுபிடிக்கேல்லையெண்டால் குற்றவாளி உடுப்புத்தான். ஸ்கைரிமில மஃபிள் எண்ட மந்திரம் ஏத்தின சப்பாத்து ஒண்டு கிடைச்சா அதைக் கழட்டவே கழட்டாதேங்கோ. அது கிடைக்கிற வரைக்கும் இல்லூஷன் எண்ட மந்திரப் பிரிவில மஃபிள் மந்திரம் படிச்சாலும் காணும்.

பழைய பல்டர்ஸ் கேற், அதுதான் 1998 இலயும் 2000 இலயும் வந்த ரெண்டும், அதுகளில இது இன்னும் கடும்: பித்தளைக் குமிழ் அடிச்ச தோல் சட்டைக்கு மேல பாரமா என்னத்தைப் போட்டாலும் பதுங்கிற பற்றனே வேலை செய்யாது. ஒருத்தன் "கேம் பக்" எண்டு கேமை அழிச்சுத் திருப்பி ஏத்திப்போட்டு வந்தவன், பாத்தா சங்கிலிக் கவசம் போட்டிருக்கிறான்.

உடுப்பும் சரியெண்டால் வேகத்தைப் பாருங்கோ. பதுங்கின நிலையிலயும் ஓடலாம், ஆனா ஓடினா சத்தம் கூட. ஸ்கைரிமில ஸ்னீக் எண்ட பதுங்கல் திறமை 70 க்கு வந்து சைலன்ஸ் எண்ட பேர்க் (லெவல் ஏறேக்க எடுக்கிற விசேட வரம்) எடுக்கிற வரைக்கும் மெல்லமாத்தான் நடக்கோணும், நடுவில கண் மாதிரி இருக்கிற குறி திறக்கத் தொடங்கினா அப்பிடியே நில்லுங்கோ. நிண்டா கனதரம் திருப்பி மூடும். எங்கட ஆக்கள் கண் திறந்த உடன பயந்து ஓடுறாங்கள், அதோட முடிஞ்சுது.

பிறகு கூட்டாளிமார். பல்டர்ஸ் கேற் 3 இல கள்ளன் மட்டும் வடிவாப் பதுங்கிப் போவான், பின்னால மூண்டு பேர் கோயில் திருவிழாவுக்குப் போறமாதிரி நிமிந்து நடந்து வருவினம். ஆளைக் கூட்டத்தில இருந்து பிரிச்சு விட்டிட்டுத் தனியா அனுப்புங்கோ. போக முதல் ஷிஃப்ட் பற்றனை அமத்திப் பிடிச்சா எதிரி எந்தப் பக்கம் பாக்கிறான் எண்டு சிவப்பாத் தரையில காட்டும், அந்தச் சிவப்புக்கு வெளியால சுத்திப் போறதுதான் வேலையே. நேரா நடுவால போட்டு "பதுங்கல் 20 இருக்கு அண்ணை" எண்டு சொல்லி வேலையில்லை, பகல் வெளிச்சத்தில மூஞ்சைக்கு முன்னால போய் நிண்டா இருபதும் ஒண்டுதான் சைபரும் ஒண்டுதான்.

இவ்வளவும் பாத்தாச்சு, இன்னும் பிடிபடுறான் எண்டால்தான் பொயின்ற்ஸில கை வைக்கோணும். ஸ்கைரிமெண்டா ஸ்னீக் மரத்தில பேர்க்கைப் போடுங்கோ, ரிவர்வுட்டுக்குப் போற வழியில நிக்கிற மூண்டு கல்லில கள்ளன்ர கல்லைத் தொட்டா களவுத் திறமையள் 20 வீதம் கெதியா ஏறும். பல்டர்ஸ் கேற் 3 எண்டா டெக்ஸ்ரரிற்றி (ஆளின்ர சுறுசுறுப்பு) எத்தினை எண்டு பாருங்கோ. அது குறைவா வைச்சு ஆளை உருவாக்கியிருந்தா உடுப்பு மாத்திப் பிரியோசனமில்லை, நிபுணரிட்டத்தான் போகோணும். அந்தக் கேமில நிபுணர் ஆரெண்டால் விதர்ஸ் எண்ட எலும்பு மனுசன். 100 பொன் குடுத்தா ஆளையே புதுசா எழுதித் தருவார், அழிச்சுப்போட்டு முதலில இருந்து தொடங்கிறதுக்கு உது எவ்வளவோ மேல்.

குறி 2: பின்னால போய்க் குத்தியும் அடி பெரிசா விழேல்லை

இதில கேமுக்குக் கேம் சட்டம் வேற. ஒரு கேமில பழகினதை மற்றதில செய்து பாத்துத்தான் எல்லாரும் மாட்டுப்படுறது.

பல்டர்ஸ் கேற் 3 எண்டா:

கையில என்ன கிடக்கு எண்டு முதல் பாருங்கோ. ஸ்னீக் அற்றாக் (கள்ளன்ர மேலதிக அடி) விழுறது ஃபினெஸ் எண்டு போட்டிருக்கிற ஆயுதத்துக்கும், வில்லு மாதிரித் தூர ஆயுதத்துக்கும் மட்டும்தான். பெரிய வாளைக் குடுத்துப்போட்டு "கூட அடிக்கட்டும்" எண்டா அவன் கள்ளனே இல்லை. ஆயுதம் சரியோ? சரியெண்டால் அட்வான்ரேஜ் (ரெண்டு தரம் உருட்டிக் கூடினதை எடுக்கிறது) இருக்கோ, இல்லாட்டி உங்கட ஆள் ஒருத்தர் எதிரிக்கு ஒண்டரை மீற்றருக்குள்ள நிக்கிறாரோ எண்டு பாருங்கோ. ரெண்டில ஒண்டு கட்டாயம் வேணும். பின்னால நிக்கிறது முன்னால நிக்கிறது எண்ட கணக்கு இதில இல்லை, அது பழைய கேமின்ர பழக்கம்.

அதுவும் சரி, ஆனா பற்றன் மங்கலாக் கிடக்கோ? அப்ப உங்களுக்கு டிஸ்அட்வான்ரேஜ் (குறைஞ்சதை எடுக்கிறது) இருக்கு. வில்லோட நிக்கேக்க எதிரி பக்கத்தில வந்து ஒட்டிக்கொண்டு நிண்டா அப்பிடி ஆகும், பழக்கமில்லாத கவசம் போட்டாலும் ஆகும். ரெண்டடி தள்ளிப் போங்கோ, கவசத்தைக் கழட்டுங்கோ. இன்னொண்டு, ஒரு ரேணுக்கு (உங்கட முறைக்கு) ஒருக்காத்தான் அது விழும். ரெண்டு கையிலயும் கத்தி வைச்சு ரெண்டு தரம் குத்தினாலும் ரெண்டாவது வெறும் குத்துத்தான். ரியாக்ஷன் பக்கத்தில ஸ்னீக் அற்றாக்கை "கேக்கட்டும்" எண்டு வைச்சு விடுங்கோ, இல்லாட்டி ஒரு அடியில சாகப்போற எலிக்கு அதைச் சிலவழிச்சுப்போட்டு ராட்சசனுக்கு முன்னால வெறுங்கையோட நிப்பியள்.

உயரமான இடத்தில ஏறி நிண்டா அட்வான்ரேஜ் வரும் எண்டு ஒரு கதை பெடியளுக்குள்ள ஓடுது. வராது, அடிக்கிற ரோலுக்கு 2 கூடும், அவ்வளவுதான். ஒளிச்சு நிண்டு எய்தா வரும்.

ஸ்கைரிம் எண்டா:

அங்க கணக்கு நேரடி. கண்டுபிடிபடாம ஒற்றைக் கை ஆயுதத்தால குத்தினா 3 மடங்கு, பேக்ஸ்ராப் பேர்க் எடுத்தா 6 மடங்கு, அசாசின்ஸ் பிளேட் எடுத்துக் குறுங்கத்தியால குத்தினா 15 மடங்கு. டார்க் பிரதர்ஹுட் எண்ட கொலைகாரக் கூட்டம் குடுக்கிற கையுறையையும் போட்டா அது திருப்பி ரெட்டிச்சு 30. வில்லு 2 மடங்கில தொடங்கி 3 க்குத்தான் போகும். ஆக, "அடி காணாது" எண்டு வாறவன் கையில வாளோட நிண்டா நான் சொல்லுறது ஒண்டுதான், சந்தையில மரக்கறி வெட்டுற கத்தி மாதிரித் தெரியிற அந்தச் சின்னக் கத்தியை எடு. மடங்கு கூட வாறது அதுக்குத்தான்.

பழைய கேமெண்டா:

பழைய பல்டர்ஸ் கேற்றில உண்மையாவே முதுகுப் பக்கம் நிக்கோணும், ஒளிச்சோ மறைஞ்சோ நிக்கோணும், கைச்சண்டை ஆயுதமா இருக்கோணும், வில்லால பேக்ஸ்ராப் கிடையாது. லெவல் ஏற ஏறச் சாதாரணக் கள்ளனுக்கு 2 மடங்கில இருந்து 5 வரைக்கும் போகும், அசாசின் எண்ட கள்ளன் வகை எண்டா 7. நெவர்வின்ரர் நைற்ஸ் விளையாடுறவை எலும்புக்கூடு, பிசாசு, கல்லுப் பொம்மையளுக்குக் குத்திக்கொண்டு இருக்காதேங்கோ, அந்த மூண்டாம் பதிப்புச் சட்டத்தில செத்ததுக்கும் செய்ததுக்கும் ஸ்னீக் அற்றாக் விழாது. அது கோளாறில்லை, சட்டமே அப்பிடித்தான். சுடலைக்குள்ள போற நாளில கள்ளனைப் பின்னால விட்டு வேற ஆளை முன்னுக்கு விடுங்கோ.

டிவினிற்றி ஒரிஜினல் சின் 2 இல குறுங்கத்தியோட பின்னால நிண்டு குத்தினா எப்பவும் கிரிற்றிக்கல்தான், அதாவது பெரிய அடிதான். அப்பிடியும் உயிர் குறையேல்லை எண்டால் எதிரியின்ர கவசப் பட்டை இன்னும் கிடக்கு, அது முடிஞ்சாத்தான் உயிரில கை வைக்கலாம்.

குறி 3: பூட்டுத் திறக்குதில்லை, கம்பி முறிஞ்சுகொண்டே போகுது

ஸ்கைரிமில பூட்டு அஞ்சு தரம், நொவிஸில தொடங்கி மாஸ்ரர் வரைக்கும். திறமை காணாட்டியும் எந்தப் பூட்டையும் முயற்சி செய்யலாம், அது தெரியாம "லெவல் காணாது" எண்டு விட்டிட்டு வாறவையும் இருக்கினம். கம்பி முறியிறது அவசரத்தால. ஒரு துளி திருப்பிப் பாருங்கோ, பூட்டு அசையாட்டி உடன விடுங்கோ, கம்பியைக் கொஞ்சம் நகத்துங்கோ, திருப்பி ஒரு துளி. முறிஞ்சாலும் அந்தத் திரையை விட்டு வெளியில வராதேங்கோ, சரியான இடம் அதே இடத்திலதான் இருக்கும், வெளியில வந்து திருப்பிப் போனா இடம் மாறிப்போம். உது ஒண்டைச் சொல்லிக் குடுத்தே நான் நாலு பேரின்ர கம்பியைக் காப்பாத்தியிருக்கிறன்.

முறியாத திறப்பு ஒண்டும் இருக்கு, ஸ்கெலிற்றன் கீ. தீவ்ஸ் கில்ட் (கள்ளர் சங்கம்) கதையின்ர கடைசியில அதைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுவினம். குடுக்காம வைச்சிருந்தா கதை முடியாது, ஆனா திறப்பு உங்களிட்டயே கிடக்கும். நான் குடுக்கேல்லை. கள்ளனிட்ட நேர்மையை எதிர்பாக்கிறது அவையின்ர பிழை.

பல்டர்ஸ் கேற் 3 இல கை வேலையே இல்லை, தாயக்கட்டை விழுறதுதான். முதல் பாக்கிறது ஆர் திறக்கினம் எண்டு. தவறுதலாத் தலைவனைத் தெரிவு செய்து வைச்சுக்கொண்டு, கள்ளன் பக்கத்தில சும்மா நிக்க, தலைவன் பூட்டோட மல்லுக்கட்டுறதைக் கனதரம் கண்டிருக்கிறன். ஆஸ்ராரியன் எண்ட கள்ளன் கூட்டாளி உங்களோட இருந்தா அவரை விடுங்கோ. ரெண்டாவது, திறக்க முதல் ஆராவது கைடன்ஸ் மந்திரம் போட்டு விடட்டும், சிலவில்லாம ஒரு நாலுமுகக் கட்டை கூட விழும். மூண்டாவது, களவுக் கையுறை எண்டு ஒண்டு கடையில கிடைக்கும், கை வேலைக்கு அட்வான்ரேஜ் தரும். இவ்வளவு செய்தும் கட்டையில 1 விழுந்தா தோல்விதான், அதுக்கு மருந்தில்லை, இன்ஸ்பிரேஷன் பொயின்ற் மிச்சம் இருந்தா திருப்பி உருட்டலாம். கருவி ஒவ்வொரு தோல்விக்கும் ஒண்டு போகும், காணுற வியாபாரியளிட்டயெல்லாம் வாங்கி வையுங்கோ.

எவ்வளவு உருட்டினாலும் திறக்காத பூட்டும் இருக்கு, அதுக்குத் திறப்பு வேணும் எண்டே எழுதிக்கிடக்கும், வாசியுங்கோ. மரப்பெட்டி எண்டா அடிச்சு உடைக்கலாம், கள்ளன்ர மானம் போனாலும் பெட்டி திறக்கும். மந்திரவாதிக்கு நொக் மந்திரம் தெரிஞ்சா அவரைக் கூப்பிடுங்கோ. டிராகன் ஏஜ் ஒரிஜின்ஸ் விளையாடுறவைக்கு இந்த வசதி ஒண்டும் இல்லை, ரோக் கூட வராட்டிப் பூட்டின பெட்டியைப் பாத்திட்டுப் போகவேண்டியதுதான், ரோக் கூட்டாளிமாரான லெலியானாவையோ செவ்ரானையோ வீட்டில விட்டிட்டுப் போகாதேங்கோ.

கொன்ட்ரோலரில பூட்டுத் திறக்கிறவை, கம்பி தானா ஒரு பக்கம் இழுபடுது எண்டால் இது பூட்டின்ர பிரச்சினை இல்லை. நேர கடைசிக் குறிக்குப் போங்கோ.

குறி 4: பொக்கற்றில கை வைச்ச உடன பிடிபடுறன்

நல்லூர்த் திருவிழாவில ஒலிபெருக்கியில "நகையளைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ" எண்டு சொல்லிக்கொண்டே இருப்பினமெல்லோ, ஏன்? சனம் தேரைப் பாக்கேக்க பக்கத்தில நிக்கிறவனைப் பாக்காது. கேமிலயும் அதுதான். முன்னால நிண்டு கதைச்சுக்கொண்டே கையைப் போடாதேங்கோ. ஸ்கைரிமில ஆள் நித்திரை எண்டா நைற் தீஃப் பேர்க்கோட 25 வீதம் கூட. ராத்திரி போங்கோ.

எத்தினை வீதம் எண்டு எழுதிக்கிடக்கெல்லே, அது 90 க்கு மேல ஏறவே ஏறாது. அதாவது உலக மகா கள்ளனா வந்தாலும் பத்துக்கு ஒருக்கா பிடிபடுவியள், இது பக் இல்லை, அப்பிடித்தான் செய்து வைச்சிருக்கிறாங்கள். வீதம் மிச்சம் குறைவாக் காட்டினா எடுக்கிற சாமானைப் பாருங்கோ, பாரமும் விலையும் கூடக்கூடக் குறையும். காசுப் பையை முழுசா எடுக்கிறது கஷ்டம், சில்லறை நகை எடுக்கலாம். எடுக்க முதல் சேவ் பண்ணி, பிடிபட்டா லோட் பண்ணுறது சரியோ பிழையோ எண்டு எங்கட விறாந்தையில பெரிய சண்டையே நடந்தது. நான் சரியெண்ட கட்சி. எனக்கு நாளைக்கு வேலைக்குப் போகோணும், ஒரு கத்திக்காக மறியலில இருக்க நேரமில்லை.

பல்டர்ஸ் கேற் 3 இல எடுக்கிற நேரம் பிடிபடாட்டியும் கொஞ்சத்தால ஆள் பையைப் பாத்துத் தேடத் தொடங்குவான். எடுத்த உடன அந்த இடத்தை விட்டுத் தூரப் போங்கோ. மற்றவையைப் பக்கத்தில விட்டிட்டுப் போனா அவையைப் பிடிச்சுக் கேப்பாங்கள், எல்லாரையும் முதலே அப்புறப்படுத்துங்கோ. டிவினிற்றி 2 இல ஒரு ஆளிட்ட ஒரு கள்ளன் ஒருக்காத்தான் கை வைக்கலாம், ரெண்டாந்தரம் பற்றன் வேலை செய்யேல்லையெண்டால் கோளாறில்லை. அதால முதல் தரமே பாத்து நல்லதா எடுங்கோ, ஒரு அப்பிளை எடுத்துப்போட்டு வாய்ப்பைத் துலைக்காதேங்கோ.

குறி 5: களவெடுத்தது விக்கேலாமக் கிடக்கு

ஸ்கைரிமில சாதாரணக் கடைக்காரன் களவுச் சாமானைத் தொடமாட்டான். ரிஃப்ரன் நகரத்துக்குப் போய் தீவ்ஸ் கில்ட்டில சேருங்கோ, அவையின்ர ராக்ட் ஃபிளாகன் தவறணையில ரோனிலியா எண்ட பொம்பிளை வாங்குவா. சேர விருப்பமில்லையோ? களவெடுத்த மூலிகையை அரைச்சு மருந்தாக்கினா அந்த மருந்தில களவு அடையாளம் இருக்காது, எந்தக் கடையிலயும் போகும். காவல்காரனிட்ட பிடிபட்டுத் தண்டம் கட்ட முதல் மூட்டையை எங்கயாவது வைச்சிட்டுப் போங்கோ, தண்டமும் கட்டுவியள், சாமானும் பறிபோம்.

குறி 6: ஸ்ரீல் ஸ்ரீல் எண்டு அமத்துறன், ஒண்டும் கிடைக்குதில்லை

ஃபைனல் ஃபன்ரசி 9 இல கள்ளன் சிடானை வைச்சு அரை மணித்தியாலம் ஸ்ரீல் எண்ட களவுப் பற்றனை அமத்துறவைக்கு. ஒவ்வொரு எதிரியிட்டயும் நாலு இடம் வரைக்கும் சாமான். கை தவறாட்டி முதலாவது எப்பவும் வரும், ரெண்டாவது 256 க்கு 64, மூண்டாவது 16, நாலாவது 256 க்கு 1. அந்த 1 க்குத்தான் நீங்கள் மினக்கெட்டுக்கொண்டு இருக்கிறியள். மாஸ்ரர் தீஃப் எண்ட திறமையைப் படிச்சுப் போட்டா அந்த 1 உம் 16 உம் 32 ஆகும். படிக்கேல்லையெண்டா விட்டிட்டுச் சண்டையை முடிச்சுப்போட்டுச் சாப்பிடப் போங்கோ, புட்டு ஆறிப்போம்.

1987 இல வந்த முதலாவது ஃபைனல் ஃபன்ரசியில ஸ்ரீல் பற்றனைத் தேடுறவைக்கும் சொல்லி வைக்கிறன்: அதில கள்ளனுக்குக் களவெடுக்கவே தெரியாது. தேடாதேங்கோ. பேந்து நிஞ்சா ஆகிறவரைக்கும் பொறுமையா இருங்கோ.

குறி 7: சண்டை தொடங்கினா முதல் ஆளாச் சாகிறான்

எங்க நிக்கிறான் எண்டு பாருங்கோ. வாசலில முதல் ஆளா நிண்டா சாவான், அவனுக்கு உயிரும் குறைவு சட்டையும் மெல்லிசு. பூட்டுத் திறக்கவும் பொறி பாக்கவும் அவனை முன்னுக்கு விட்டிருப்பியள், பொறி பாத்து முடிஞ்ச உடன பின்னுக்கு இழுக்க மறந்திருப்பியள். பல்டர்ஸ் கேற் 3 இல ரெண்டாம் லெவலிலயே கனிங் அக்ஷன் வருது, போனஸ் அக்ஷனில ஒளிக்கலாம், ஓடலாம், அடி வாங்காம விலகலாம். கனபேர் அந்தப் பற்றனைத் தொட்டதே இல்லை. குத்து, விலகு, அடுத்த ரேணில திருப்பி வா. மூண்டாம் லெவலில தீஃப் எண்ட பிரிவை எடுத்தா ரெண்டாவது போனஸ் அக்ஷனும் வரும், ஒண்டில குத்தி ஒண்டில ஓடலாம்.

இதில ஒரு கிளைக் குறி இருக்கு, அது கஷ்டமானது. "முந்தி நல்லாத்தான் இருந்தவன், லெவல் ஏறினாப்பிறகு எல்லாரும் ஒரே அடியில விழுத்துறாங்கள்." ஸ்கைரிமில இது கள்ளனுக்குக் கட்டாயம் வரும். பூட்டு, பொக்கற், கதைச்சு விக்கிறது இதுகளிலயே லெவல் ஏறியிருக்கும், எதிரியளும் உங்கட லெவலைப் பாத்துத்தான் பலமாகினம், ஆனா உங்கட குத்து அப்பிடியே கிடக்கு. சோதினை: திறமைப் பக்கத்தைத் திறந்து எது மேல நிக்குது எண்டு பாருங்கோ. பொக்கற் 80, ஒற்றைக் கை 25 எண்டா விசயம் விளங்கும். சிலவில்லாத வைத்தியம், இனி வாற பேர்க்கையெல்லாம் ஸ்னீக்கிலயும் ஆயுதத்திலயும் போட்டு கொஞ்ச நாள் ஒளிச்சு நிண்டு மட்டும் சண்டை பிடிக்கிறது. காசு இருந்தா ஆசிரியரிட்டப் படிக்கலாம், படிப்பிச்சு முடிஞ்ச உடன அவற்ற பொக்கற்றில இருந்து அந்தக் காசைத் திருப்பி எடுக்கலாம், ரியூஷன் மாஸ்ரர்மாரை நினைச்சுக்கொண்டு எடுத்தா இன்னும் ருசி. நூறு வந்த திறமையை லெஜண்டரி ஆக்கினா 15 க்கு இறங்கும், போட்ட பேர்க்கெல்லாம் திரும்பக் கையில வரும். டிராகன்போண் எண்ட மேலதிகக் கதையை முடிச்சவை ஒரு டிராகன் ஆத்மாவுக்கு ஒரு மரத்தையே கலைச்சு அடுக்கலாம், அதுதான் அங்கத்தைய பெரியாஸ்பத்திரி.

டார்க் சோல்ஸில தீஃப் எடுத்துச் சாகிறவை எனக்குப் போன் எடுக்காதேங்கோ. அதில எல்லாரும் சாகினம். தொடக்கத்திலயே மாஸ்ரர் கீ எண்ட திறப்பைக் கையில தந்திருக்கு, அதை வைச்சுக் குறுக்குப் பாதை தேடுங்கோ.

குறி 8: நான் தொடேல்லை, கள்ளன் தானா நடக்கிறான்

இது கள்ளன்ர வருத்தம் இல்லை, கொன்ட்ரோலரின்ர வருத்தம். வாள்காரன் எண்டா ரெண்டடி தானா நடந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது, கள்ளன் சுவரோரம் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேக்க ரெண்டடி நடந்தா செத்தான். அதால இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்கிறது எப்பவும் கள்ளன் விளையாடுறவன்தான்.

கொன்ட்ரோலரைக் கழட்டி விட்டிட்டு கீபோர்ட்டில விளையாடிப் பாருங்கோ. அப்பவும் நடந்தா கீ ஒண்டு ஒட்டிப்போய்க் கிடக்கு, பிளேன்ரீ ஊத்தினது ஆரெண்டு வீட்டில கேளுங்கோ. நடக்கேல்லையெண்டால் கொன்ட்ரோலர்தான். செற்றிங்ஸில டெட் சோன் (ஸ்ரிக் கொஞ்சம் அசைஞ்சாலும் கேம் கணக்கெடுக்காத அளவு) எண்டு ஒண்டு இருக்கும், அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டிக்கொண்டு போங்கோ, ஆள் நிக்கிற இடத்தில விடுங்கோ. மிச்சம் கூட்டினா மெல்லமா நடக்கேலாமப் போம், மெல்லமா நடக்கேலாத கள்ளன் எதுக்கு? அந்தக் கட்டத்துக்கு வந்திட்டா வயரைக் கழட்டிப்போட்டு, ஸ்ரிக்கைச் சுத்தி இருக்கிற இடுக்கை ஐசோபுரொப்பைல் அல்கஹோல் தொட்ட பஞ்சால துடைச்சு, நல்லாக் காய விட்டுப் பாருங்கோ. எங்கட செம்மண் தூசிக்கு இது ரெண்டு மூண்டு மாசத்துக்குப் பிடிக்கும்.

அதுக்கும் மசியாட்டி ஸ்ரிக் தேஞ்சுபோச்சு, உள்ளுக்க அந்தத் துண்டை மாத்தோணும், ஈயம் உருக்கி ஒட்டுற வேலை, பழக்கமில்லாதவை வீட்டில செய்யாதேங்கோ. நான் செய்து போர்ட்டை எரிச்சவன். போன் திருத்துற கடையளில ஒட்டுற வேலை தெரிஞ்ச பெடியள் இருப்பினம். குடுக்க முதல் ரெண்டு ஸ்ரிக்கையும் மாத்த எவ்வளவு எண்டு கேளுங்கோ, ஏனெண்டால் ஒண்டு தேஞ்சா மற்றதும் பின்னால வரும். புதுசின்ர விலையில அரைவாசிக்கு மேல கேட்டா திருத்தாதேங்கோ, வாங்குங்கோ. வாங்கி வந்த பிறகும் கள்ளன் பிடிபட்டா, முதலாம் குறிக்குப் போய் ரோச் எரியுதோ எண்டு பாருங்கோ.